புதன்கிழமையை விட்டுக்கொடுத்தவர்

எங்கள் கட்டடத்தில் துணி துவைக்கும் அறையில் கிளம்பிய பேச்சு இது. கீழ்வீட்டு டிரைவர், பெற்ற பெண்ணையே வேண்டாம் என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்துவிட்டாராம். இரண்டாம் மாடித் தையல்காரம்மா என் மனைவியிடம் சொல்ல, அவள் ஈரத் துணி வாளியோடு மேலே வந்து என்னிடம் சொன்னாள்.

"அவங்களுக்கு யார் சொன்னா?"

"அவங்க வீட்டுக்காரர்கிட்ட டிப்போவுல யாரோ சொன்னாங்களாம். வாரத்துல ஒரு நாள் பொண்ணை இவர் வெச்சுக்கலாம்னு இருந்துச்சாம். அதையும் வேண்டாம்னுட்டாராம். இப்படியும் ஒரு அப்பன் உண்டா?"

"தெரியாம பேசாதே."

"தெரிஞ்ச நீங்கதான் சொல்லுங்களேன். கோர்ட்டு கோர்ட்டுன்னு கூடவே சுத்தினீங்கல்ல."

சுற்றியது உண்மைதான். எரிச்சல் என்னவென்றால், அந்தப் பேச்சிலும் பாதி உண்மை இருந்தது. முழுப் பொய்யாக இருந்தால் ஒரே வார்த்தையில் மறுத்திருப்பேன். அவர் கையெழுத்துப் போட்டார்; புதன்கிழமையை விட்டுக்கொடுத்தார். ஆனால் பெண் வேண்டாம் என்று அல்ல. ஒரு நாளைக் கொடுத்து ஐந்து நாளை வாங்கிவிட்டதாக நம்பிக் கொடுத்தார்.

டிப்போவில் அவருக்கு நிதானம் என்று பெயர். டவுன் பஸ் ஓட்டுகிறார். அவர் பிரேக் பிடிப்பது வண்டிக்குள் இருப்பவர்களுக்குத் தெரியாது. நின்றுகொண்டு வரும் வயதானவர்கள்கூட அவர் வண்டி என்றால் கம்பியைத் தேடமாட்டார்கள். அவருக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும் டிரைவர்கள்தான் ஸ்டீயரிங்கில் முட்டிக்கொள்வார்கள். எனக்கு அவர் அண்ணன். ரத்தச் சொந்தம் இல்லை. பிழைக்க வந்த ஊரில், ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கி உண்டான சொந்தம். அவர் மனைவி ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். இருவரும் பிரிந்த பிறகும் அவளை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுகிறேன். நான் படித்த இரண்டு மொழிகளிலும் அந்த இடத்துக்கு வேறு சொல் அகப்படவில்லை.

பிரிந்ததற்குப் பெரிய கதை எதுவும் இல்லை. இவருக்குக் காலை ஷிஃப்ட் என்றால் அவளுக்கு மாலை. இவருக்கு மாலை என்றால் அவளுக்குக் காலை. இருவரும் ஒருசேர வீட்டில் இருந்த கொஞ்ச நேரத்திலும், யார் எதைச் செய்யாமல் விட்டார்கள் என்ற விசாரணைதான் நடந்தது. ஒரு கட்டத்தில் அவள் பள்ளிக்கூடத்துக்கு அந்தப் பக்கம் வீடு பார்த்துப் போய்விட்டாள். பெண்ணும் அவளோடு போனது. நாலாம் வகுப்பு படிக்கிற பெண். மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு எல்லோருக்கும் வேலை சொல்லும். வீட்டில் அதற்கு மேனேஜர் என்று பெயர்.

எனக்கு முத்திரை குத்திய உறை எது வந்தாலும் பயம். அயல்நாட்டில் குடியிருப்பவனுக்கு அது ஒரு தீராத நோய். மின்வாரியக் கடிதத்தைக்கூட, பெட்டியைக் கட்டச் சொல்லும் உத்தரவு என்று நினைத்துத்தான் பிரிப்பேன். அப்படிப்பட்ட என்னைத்தான் அண்ணன் துணைக்குக் கூப்பிட்டார். இந்த நாட்டின் அலுவலக மொழியில் அவருக்குச் சாலைப் பலகைகள் வரைக்கும் பழக்கம். சட்ட வாக்கியம் என்றால் பாதி வழியில் நின்றுவிடுவார்.

குடும்ப நீதிமன்றத்தில் நீதிபதி சொன்னது சுருக்கமானது. குழந்தை யாருக்கு என்று இழுபறி வேண்டாம். இருவரும் குழந்தைக்குப் பெற்றோர்தான், பிரிந்தாலும். பள்ளி நாட்களில் குழந்தை எங்கே தூங்கும், யாரோடு எந்த நாள், விடுமுறையை எப்படிப் பங்கிடுவது, காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் யார் கூட்டிப்போவது, எங்கே வைத்து ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு ஒப்படைப்பது. இதையெல்லாம் உட்கார்ந்து பேசி ஒரு வளர்ப்புத் திட்டமாக எழுதிக்கொண்டு வாருங்கள், குழந்தையின் நலனுக்குப் பொருந்தினால் அதையே உத்தரவாகப் போடுகிறேன் என்றார். பேச வைப்பதற்கு ஒரு சமரச அலுவலரிடம் அனுப்பினார்.

சமரச அலுவலரின் அறைக்குள் பெற்றோருக்கு மட்டும்தான் அனுமதி. நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். உள்ளே நடந்ததை அண்ணனும் சொன்னார், பின்னாளில் அண்ணியும் சொன்னாள். ஆச்சரியமாக, இருவர் சொன்னதும் ஒத்துப்போனது.

முதல் வரைவில் எல்லாம் ஒழுங்காகவே இருந்திருக்கிறது. பள்ளி நாட்களில் அம்மாவிடம். ஒன்று விட்டு ஒரு வாரம் சனி, ஞாயிறு அப்பாவிடம். அதோடு, ஒவ்வொரு புதன்கிழமையும் பள்ளி விட்டதிலிருந்து இரவுச் சாப்பாடு முடியும்வரை அப்பாவிடம்.

"புதன்கிழமை உங்களுக்கு டியூட்டி இருக்குமே. எப்படிப் பார்த்துப்பீங்க?" என்று சமரச அலுவலர் கேட்டிருக்கிறார். அந்தம்மாவின் வேலை அது, கேட்டுத்தான் ஆகவேண்டும்.

அண்ணனுக்கு அது சுருக்கென்று தைத்திருக்கிறது. நேரமில்லாத அப்பா என்று அண்ணி பல வருடம் சொன்னதையே வேறு குரலில் கேட்ட மாதிரி.

"மாத்தி வாங்கிக்குவேன், மேடம். அதுவா பெரிய விஷயம்? எப்படியும் என் பொண்ணை நான் தினமும் பார்க்கிறவன்."

"தினமுமா?"

"ஸ்கூல் விட்டதும் என் வண்டியிலதான் வீட்டுக்குப் போறா. எனக்குப் பின்னாடியே முதல் சீட்டு. திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் ஒரு நாள் தப்பாது. கோர்ட்டு குடுத்தாலும் குடுக்காட்டாலும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

அந்தம்மா முகம் மலர்ந்துவிட்டதாம். தினசரித் தொடர்பு என்று எழுதிக்கொண்டாராம். பிறகு பேனாவை வைத்துவிட்டு, பாடம் படிக்கும் நாளில் நடுவாரம் வீடு மாறிப் போய்வருவது சின்னக் குழந்தைக்கு அலைச்சல், தினமும் அப்பாவோடு இவ்வளவு நேரம் பயணம் இருக்கும்போது புதன்கிழமை மாலை தனியாக வேண்டுமா என்று இருவரையும் பார்த்துக் கேட்டிருக்கிறார். அண்ணி அண்ணனைத் திரும்பிப் பார்த்திருக்கிறாள். அண்ணன் சொன்னார். வேண்டியதில்லை என்றார்.

வெளியே வந்தபோது தேர்வில் முதலாவதாக வந்த பையன் மாதிரி இருந்தார்.

"அஞ்சு பெரிசா, ஒண்ணு பெரிசா? சொல்லு."

"அண்ணே, வண்டி ஓட்டுறவர்கிட்ட பேசக்கூடாதுன்னு உங்க தலைக்கு மேலயே எழுதிப் போட்டிருக்கே."

"பேசினாத்தான் பொண்ணா? உனக்கு எதைப் பார்த்தாலும் பயம். உன்னைக் கூட்டிட்டு வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."

டிரைவர் இல்லாத வேறு எந்த அப்பனும் இந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டான். தான் ஓட்டுகிற வண்டி தன்னுடையது என்ற நினைப்பு அவருக்கு எப்போதும் உண்டு. வண்டியில் ஏறுகிறவர்கள் தன் வீட்டுக்கு வருகிறவர்கள். அந்த வீட்டில் பெண் தினமும் வந்து உட்காருகிறது. அவருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

உத்தரவு வந்தது. முதல் சில வாரம் நன்றாகவே போனது. பள்ளி நிறுத்தத்தில் மேனேஜர் முதல் ஆளாக ஏறும். அட்டையைக் காட்டிவிட்டு, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்காரும். அவர் உள்கண்ணாடியில் பார்ப்பார். அது கட்டைவிரலைக் காட்டினால் கணக்குப் பரீட்சை நன்றாக எழுதியிருக்கிறது. முகத்தைக் கோணினால் கூடப் படிக்கும் யாரோ தொல்லை செய்திருக்கிறார்கள். அதற்குமேல் அந்தக் கண்ணாடி வழியாக எதுவும் வராது. ஷூ நாடா அவிழ்ந்து தொங்கும்; கட்டிவிட முடியாது. தூங்கி விழும், தலையைத் தாங்க முடியாது. அதன் நிறுத்தம் வந்ததும் கதவைத் திறப்பார். "போயிட்டு வரேம்ப்பா" என்று இறங்கும். கதவை மூடுவார்.

"கதவைத் திறந்து விடுறதுக்கும் மூடுறதுக்கும் பேரு வளர்ப்பாடா?" என்று ஒருநாள் என்னிடம் கேட்டார். நான்தான் அந்தத் திட்டத்தை எழுதினவன் மாதிரிக் கேட்டார்.

பிறகு அந்த நாள் வந்தது. மேனேஜர் அழுதுகொண்டே ஏறியது. சத்தம் இல்லாத அழுகை. அட்டையைக் காட்டவில்லை. சீட்டில் உட்கார்ந்து பையை முகத்தின் மேல் வைத்துக்கொண்டது. அவர் சிக்னலில் திரும்பி, "என்னடா ஆச்சு?" என்றார். அதற்குள் விளக்கு மாறிவிட்டது. பின்னால் ஹாரன். அடுத்த சிக்னலில் மறுபடி கேட்டார். பெண் தலையை ஆட்டியது, ஒன்றுமில்லை என்பதாக. பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் குனிந்து அதன் தலையைத் தடவிக் கொடுத்தாள். முன்பின் தெரியாத ஒருத்தி தன் பெண்ணைத் தேற்றுவதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு அவர் கியர் மாற்றினார்.

அடுத்த நிறுத்தத்தில் ஏற ஆள் யாரும் இல்லை. வண்டியை ஓரங்கட்டி, என்ஜினை அணைத்துவிட்டு, தன் தடுப்புக் கதவைத் திறந்துகொண்டு வந்து பெண்ணின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"சொல்லுடா. யார் என்ன சொன்னா?"

"அப்பா, எல்லாரும் பார்க்கறாங்க. போய் ஓட்டுங்க."

"பார்க்கட்டும்."

"டிரைவர், இது உங்க வீட்டு ஹாலா? எனக்கு ரயிலைப் பிடிக்கணும்" என்றார் ஒருவர்.

"ஒரு நிமிஷம் சார். குழந்தை அழுவுது."

"எல்லார் வீட்லயும்தான் அழுவுது. அதுக்காக நான் ஆபீஸை மூடிட்டு வரேனா?"

அண்ணன் எழுந்து போய் உட்கார்ந்து வண்டியை எடுத்தார். பெண் தன் நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டது. எதற்காக அழுதது என்று அண்ணனுக்கு இன்றுவரை தெரியாது. அண்ணியிடம் கேட்டால், அன்றைக்கு நடந்ததற்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கும் என்று கேட்கவில்லை.

ரயிலைத் தவறவிட்டவர் புகார் எழுதிவிட்டார். ஓடும் நேரத்தில் வண்டியை நிறுத்தி இருக்கையை விட்டு எழுந்தது, பயணியோடு பேசியது. டிப்போவில் பெரிய தண்டனை எதுவும் இல்லை. அவரை அந்த ரூட்டிலிருந்து எடுத்து, நகரத்தின் மறுகோடியில் தொழிற்பேட்டை ரூட்டில் போட்டார்கள், அவ்வளவுதான். அங்கே பள்ளிக்கூடமே கிடையாது; சரக்குக் கிட்டங்கிகளும் லாரிகளும்தான்.

டியூட்டி போடுகிற அதிகாரியை எல்லோரும் சார்ட்டுக்காரர் என்பார்கள். சுவர் முழுக்க டியூட்டி சார்ட்டை ஒட்டி வைத்து அதன்முன் உட்கார்ந்திருப்பவர். அவரைப் பார்க்க என்னையும் இழுத்துக்கொண்டு போனார் அண்ணன், உத்தரவு நகலைக் கையில் வைத்துக்கொண்டு.

"சார், அந்தப் பழைய ரூட் எனக்கு வேணும். கோர்ட்டு பேப்பர்லயே இருக்கு."

"எதுல?"

"என் பொண்ணை அந்த வண்டியிலதான் நான் தினம் பார்க்கணும்னு எழுதியிருக்கு. தம்பி, படிச்சுக் காட்டு."

நான் படித்துக் காட்டினேன். சார்ட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ஏன்யா நிதானம், உனக்கும் உன் சம்சாரத்துக்கும் நடுவுல என் ரூட்டை எழுதி வெச்சிருக்கே. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? நாளைக்கு இன்னொருத்தன் மாமியார் வீட்டு வழியாத்தான் ஓட்டுவேன்னு பேப்பரைக் கொண்டாந்து நீட்டுவான். நான் வண்டி விடவா, குடும்பம் நடத்தவா?"

பக்கத்து மேசையில் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. ஐந்தும் போய்விட்டது, ஒன்றும் போய்விட்டது என்று அப்போதுதான் அவருக்கு முழுதாக உறைத்திருக்கவேண்டும். இனி இரண்டு வாரத்துக்கு ஒரு சனி, ஞாயிறு. நடுவில் எதுவும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை வந்தபோது மேனேஜர் என் வீட்டுக்கும் வந்தது. தன் அப்பாவின் சட்டைப் பொத்தான் தொங்குவதைக் காட்டி, என் மனைவியிடம் ஊசி நூல் கேட்டு வாங்கியது. போகும்போது, யாரிடம் சொல்கிறோம் என்று இல்லாமல், "புதன்கிழமை நான் ஒண்ணும் பண்றதில்ல. சும்மாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனது. அண்ணன் வாசலில் நின்று அதைக் கேட்டார். அன்றிலிருந்து அவருக்குப் பைத்தியம் பிடித்த மாதிரிதான்.

சமரச அலுவலரிடம் போனோம். இந்த முறை என்னையும் உள்ளே விட்டார்கள்.

"மாத்தலாம், தாராளமா. ரெண்டு பேரும் சம்மதிச்சு எழுதிக் குடுத்தா கோர்ட்டுல சுலபமா ஏத்துப்பாங்க. ஒருத்தர் மட்டும் கேட்டா மனு போடணும். சூழ்நிலை மாறியிருக்குன்னு காட்டணும். வரிசையில காத்திருக்கணும்."

"சூழ்நிலை ஒண்ணும் மாறலை, மேடம். ரூட்தான் மாறிச்சு."

"அதைத்தான் சூழ்நிலைன்னு சொல்றோம்."

"அப்ப அன்னிக்கே இதைச் சொல்லியிருக்கலாமே. ரூட் மாறும், அதை நம்பாதேன்னு."

"ரூட் மாறும்னு உங்களுக்குத் தெரியாதா சார்?"

அவருக்குத் தெரியாமல் என்ன? தெரியும். ஒவ்வொரு ஆறு மாதத்துக்கும் சார்ட் மாறுகிறது. அந்த அறையில் அது அவர் ஞாபகத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

அண்ணியைப் பார்க்க நான் மட்டும் போனேன். பரிசோதனைக் கூடத்துக்கு எதிரே மரத்தடியில் நின்று, காகிதக் கோப்பையில் காப்பி குடித்துக்கொண்டே பேசினாள். மெலிந்திருந்தாள்.

"நான் அவரைப் பார்க்க வேண்டாம்னு என்னிக்காவது சொன்னேனா தம்பி?"

"இல்ல, அண்ணி."

"புதன்கிழமை குடுக்கிறேன்னு வெச்சுக்குங்க. அவ ஸ்கூல் வாசல்ல நிப்பா. லீவு கிடைக்கலைன்னு இவர் கடைசி நேரத்துல போன் பண்ணுவார். நான் போட்டது போட்டபடி ஓடணும். இத்தனை வருஷம் அதைத்தானே பண்ணினேன். அவர் நம்பர் பகல்ல வந்தாலே, வரமுடியலைங்கிற சேதிதான். வேற வந்ததில்ல."

"இப்ப அவர் மாறிட்டாரு."

"அவர் மாறினா போதுமா? டிப்போ மாறணுமே. புதன்கிழமை லீவு நிச்சயம்னு அவங்க சொல்லட்டும். அடுத்த நிமிஷம் சம்மதம்னு சொல்றேன். எனக்கு மட்டும் ஆசையா, அவ ஜன்னல்லயே உட்கார்ந்திருக்கிறதைப் பார்க்க?"

அதைக் கொண்டுபோய்ச் சார்ட்டுக்காரரிடம் சொன்னோம். கேட்ட கிழமையில் வார விடுப்பு யாருக்கும் கிடையாது, கோர்ட்டு உத்தரவில் நாள் குறிப்பிட்டிருந்தால் மட்டும் தரலாம், உத்தரவைக் கொண்டு வா என்றார். உத்தரவு வேண்டுமானால் அண்ணி சம்மதிக்கவேண்டும். அண்ணி சம்மதிக்க வேண்டுமானால் டிப்போ சொல்லவேண்டும். ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. அதுதான் ஆத்திரமாக வந்தது. ஒரு ஆளைப் பிடித்துத் திட்டிவிட்டாவது வீட்டுக்கு வந்திருக்கலாம்.

"இது ரவுண்டானாடா" என்றார் அண்ணன், படியில் இறங்கும்போது. "எந்த வழியா வெளியே போகலாம்னு போர்டு இருக்கு. போனா மறுபடியும் இங்கேயே கொண்டு வந்து விடுது."

வழி கடைசியில் டிப்போ கேன்டீனில் கிடைத்தது. புதன்கிழமை வார விடுப்பு உள்ள ஒரு மூத்த டிரைவர், அடுத்த சார்ட்டிலிருந்து தன் நாளை அண்ணனுக்கே மாற்றித் தருகிறேன் என்றார். "எனக்கு எந்தக் கிழமை வீட்ல இருந்தா என்ன? திட்டு ஒண்ணுதான். எடுத்துக்கோ." இரண்டு டிரைவர்கள் தங்களுக்குள் நாள் மாற்றிக்கொள்ள விதியில் இடம் இருந்தது. மூவருமாகச் சார்ட்டுக்காரர் முன்னால் போய் நின்றோம். புதிய சார்ட்டின் அச்சுப்படி அவர் மேசையில் விரித்திருந்தது.

அவர் காகிதத்தில் புதன்கிழமைக் கட்டத்தைத் தேடிப் பிடித்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார்.

"போடறேன். ஆனா நிதானம், போன தடவை நீ தனியா முடிவு பண்ணி என் ரூட்டைக் கோர்ட்டுல ஏத்தினே. இந்தத் தடவை நாளைக்கு உன் சம்சாரம் வந்து, எனக்கு இதுல சம்மதமே இல்லைன்னு நின்னா என் தலை உருளும். அவங்க ஒரு வார்த்தை சொல்லட்டும். கையெழுத்தெல்லாம் கேட்கலை. போன்ல என்கிட்ட சொன்னா போதும்."

"சொல்லுவா சார். சொல்றேன்னு சொல்லியிருக்கா."

"அப்ப இப்பவே போன் போடு. சாயந்தர டீ வந்ததும் இது மேல போயிடும். போயிட்டா ஆறு மாசத்துக்கு நானே நினைச்சாலும் ஒரு கட்டத்தை மாத்த முடியாது."

அண்ணன் போனை எடுத்து, ஒலிபெருக்கியைத் திறந்து, மேசைமேல் சார்ட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். மணி போயிற்று. முடியும்வரை போய் நின்றது. மறுபடி அடித்தார். மறுபடி நின்றது.

"கையுறை போட்டிருப்பாங்க" என்றேன் நான். "கழட்ட நேரம் ஆகும்."

என் போனிலிருந்து பரிசோதனைக் கூடத்தின் முன்மேசைக்கு அடித்தேன். உள்ளே இருக்கிறார்கள், சொல்லி அனுப்புகிறேன் என்றாள் ஒரு பெண். சொன்னாளா என்று தெரியாது. என்னவென்று சொன்னாள் என்றும் தெரியாது. வீட்டுக்காரர் கூப்பிடுகிறார் என்று சொல்லியிருந்தால் அண்ணி என்ன நினைத்திருப்பாள் என்பதை நான் அண்ணனிடம் சொல்லவில்லை. நல்ல சேதி என்று ஒரு வரி எழுதி அனுப்பினேன். அது போய்ச் சேர்ந்ததற்கு அடையாளம் வந்தது, படித்ததற்கு வரவில்லை.

மூத்த டிரைவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். வராந்தாவின் அந்தக் கோடியில் டீ வண்டியின் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. சார்ட்டுக்காரர் பேனாவைத் திறந்து, புதன்கிழமைக் கட்டத்துக்கு மேல் பிடித்தபடி, எங்களைப் பார்க்காமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவை போடு" என்றார்.

அண்ணன் போட்டார். மணி போய்க்கொண்டிருந்தது.